எந்தக் கணினியிலும் நமக்குப் பழகிய உரைத்திருத்தியே திறக்க எந்த வழி ஏற்றது?

கோப்புகளின் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட் கருவியில் ஒரு பதிவுக்கான விளக்கமான கமிட் செய்தியை எழுதும்போதும், குறித்த நேரத்தில் ஓடும் வேலைகளின் பட்டியலான கிரான்டேப்பைத் திருத்தும்போதும், லினக்ஸில் பின்னணிச் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியில் சேவை ஒன்றின் அமைவை மாற்றும்போதும் திரையில் ஓர் உரைத்திருத்தி தானாகவே திறக்கிறது. எந்தத் திருத்தி திறக்கும் என்பதை அந்த நிரல் தன் விருப்பப்படி முடிவு செய்வதில்லை. சூழல் மாறிகள் எனப்படும், நிரல்கள் படிக்கக்கூடிய பெயரிட்ட மதிப்புகள் சிலவற்றையும், தனக்குரிய அமைவுக் கோப்பையும், கணினியின் இயல்புநிலையையும் ஒரு வரிசையில் பார்த்துவிட்டு, முதலில் அகப்பட்டதை அழைக்கிறது. ஒரே கணினியில் வேலை செய்பவர் இதைப் பற்றி யோசிக்க வேண்டிய தேவையே இல்லை. கையில் மேக் மடிக்கணினி, அலுவலகத்தில் உபுண்டு, சர்வர்களில் டெபியனும் ஃபெடோராவும், கன்டெய்னர் என்னும் தனித்து ஓடும் சிறு சூழல்களில் ஆல்பைன் என்று இயங்குதளம் மாறி மாறி ஒரே நாளில் பல இடங்களுக்குத் தாவுபவருக்குத்தான், பாதி வேலையில் எதிர்பாராத திருத்தி திறந்து விரல்கள் தடுமாறும் எரிச்சல் தெரியும். இதற்குப் பல தீர்வுகள் புழக்கத்தில் உள்ளன. அவற்றை ஒப்பிடும்போது இரண்டு கேள்விகளையே அளவுகோலாகக் கொள்ளலாம்: எந்தத் திருத்தி என்பதை யார் முடிவு செய்கிறார், அந்த முடிவு எந்த நேரத்தில் எடுக்கப்படுகிறது? முதல் கேள்வியைப் பலரும் கேட்கிறார்கள். இரண்டாவது கேள்வியே வழிகளுக்கிடையிலான உண்மையான வேறுபாட்டைக் காட்டுகிறது என்பது என் கருத்து.

யூனிக்ஸ் மரபில் இதற்கென இரண்டு சூழல் மாறிகள் உண்டு. ஒன்று எடிட்டர், மற்றொன்று விஷுவல். கென் தாம்ப்ஸன் 1969இல் எழுதிய எட் போன்ற வரித் திருத்திகள் தாளில் அச்சிடும் டெலிடைப்பிலும் வேலை செய்தன. பில் ஜாய் 1976இல் எழுதத் தொடங்கிய விஐ போன்ற முழுத்திரைத் திருத்திகளுக்கோ கர்சரை நகர்த்தக்கூடிய திரை தேவைப்பட்டது. வரித் திருத்தியை எடிட்டர் மாறியிலும் முழுத்திரைத் திருத்தியை விஷுவல் மாறியிலும் வைக்கும் வழக்கம் அப்படி உருவானது. இன்று டெலிடைப் இல்லை, ஆனால் இரண்டு மாறிகளும் இருக்கின்றன. அவற்றைப் பார்க்கும் வரிசையோ நிரலுக்கு நிரல் மாறுகிறது. கிட் முதலில் தனக்கேயுரிய கிட்-எடிட்டர் மாறியையும், பிறகு தன் அமைவுக் கோப்பையும், அதன்பின் விஷுவலையும், கடைசியாக எடிட்டரையும் பார்க்கிறது. சிஸ்டம்டி தனக்குரிய மாறியை அடுத்து எடிட்டரை முதலிலும் விஷுவலைப் பின்னரும் பார்க்கிறது. கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபெர்னெட்டிஸின் கட்டளையான க்யூப்சிடிஎல் விஷுவலைக் கண்டுகொள்வதே இல்லை. ஆகவே எந்த வழியைத் தேர்ந்தாலும் இரண்டு மாறிகளுக்கும் ஒரே மதிப்பைத் தருவது நல்லது. வெவ்வேறு மதிப்பு தந்து நுட்பமாக ஆட்சி செய்ய முயல்வதில் பயன் எதுவும் இல்லை.

முதல் வழி, எதையும் செய்யாமல் விட்டுவிடுவது. யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான பொது வரையறையான போசிக்ஸ் தரத்தில் இடம்பெற்ற விஐ ஏறக்குறைய எங்கும் கிடைக்கும், அதைப் பழகிக்கொண்டால் போதும் என்று இதன் ஆதரவாளர்கள் சொல்வார்கள். பெயர் எங்கும் கிடைக்கிறது என்பது சரிதான். அந்தப் பெயருக்குப் பின்னால் இருக்கும் நிரல்தான் ஒன்றாக இருப்பதில்லை. டெபியனின் சிறிய நிறுவலில் விஐ என்று அழைத்தால் விஐயின் விரிவாக்கமான விம், வசதிகள் குறைக்கப்பட்ட வடிவில் வருகிறது, ஆல்பைனில் சிறு கட்டளைகளின் தொகுப்பான பிஸிபாக்ஸின் விஐ வருகிறது, ஃப்ரீபிஎஸ்டியில் என்விஐ வருகிறது, மேக்கில் முழு விம்மே வருகிறது. செய்த மாற்றத்தை மீட்டெடுக்கும் வசதி எத்தனை படிகள் பின்னோக்கிச் செல்லும் என்பதுகூட இவற்றில் வேறுபடும். எளிய திருத்தியான நானோவின் கதையும் இதுதான்: மேக் இயங்குதளத்தின் 12.3 பதிப்பிலிருந்து நானோ என்ற கட்டளை பிக்கோ என்ற வேறு திருத்தியைத் திறக்கிறது. இயல்புநிலைகளும் காலத்துக்கேற்ப மாறுகின்றன. 2020 அக்டோபரில் வெளியான ஃபெடோரா 33 நானோவை இயல்புத் திருத்தியாக ஆக்கியது. அதற்கு முன்பு அதே ஃபெடோராவில் கமிட் செய்தால் விஐ திறக்கும். மாட்டிக்கொண்டால் எழுதிச் சேமித்து வெளியேறும் அளவுக்கு விஐயைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அதை முதலுதவித் தகுதியாக எண்ணலாமே தவிர, அன்றாட வேலைக்கான தேர்வாக எண்ண முடியாது.

இரண்டாவது வழி, முடிவைக் கணினியின் அளவில் எடுப்பது. டெபியனிலும் உபுண்டுவிலும் மாற்று நிரல்களை நிர்வகிக்கும் ஆல்டர்நேட்டிவ்ஸ் என்னும் ஏற்பாடு உண்டு. எடிட்டர் என்ற பொதுக் கட்டளைக்கு நிறுவப்பட்ட திருத்திகள் ஒவ்வொன்றும் ஒரு முன்னுரிமை எண்ணுடன் பதிவு செய்துகொள்கின்றன. நானோவுக்கு 40, முழு விம்முக்கு 30, எட் திருத்திக்கு மைனஸ் 100. பெரிய எண்ணே வெல்லும் என்பதால், விம்மை நிறுவிய பிறகும் நானோ தொடர்ந்து திறப்பதைக் கண்டு பலர் குழம்புகிறார்கள். ரூட் எனப்படும் முழு நிர்வாக அதிகாரத்துடன் ஒரே கட்டளையில் இதை மாற்றிவிடலாம், மாற்றம் எல்லாப் பயனருக்கும் பொருந்தும். எல்லாருக்கும் பொருந்துவதே இதன் வலிமையும் குறையும். தனக்கு மட்டுமே சொந்தமான சர்வரில் இதைவிட எளிய தீர்வு வேண்டியதில்லை. நால்வர் சேர்ந்து நிர்வகிக்கும் சர்வரில் ஒருவர் மற்ற மூவரையும் கேளாமல் இதை மாற்றுவது முறையல்ல. அத்தகைய இடங்களுக்காக டெபியன் குடும்பத்தில் செலக்ட்-எடிட்டர் என்ற கட்டளை இருக்கிறது. அது ஒவ்வொருவரின் தேர்வையும் அவரவர் முகப்பு அடைவில் ஒரு சிறிய கோப்பில் எழுதிவைக்கிறது, சென்சிபிள்-எடிட்டர் என்ற நிரல் அந்தக் கோப்பைப் படிக்கிறது. நல்ல ஏற்பாடுதான், ஆனால் டெபியனின் எல்லைக்கு வெளியே அதற்கு மதிப்பில்லை. மேக்கிலோ ஆல்பைனிலோ அந்தக் கோப்பைப் படிக்க ஆள் கிடையாது.

மூன்றாவது வழியைத்தான் பெரும்பாலானோர் பின்பற்றுகிறார்கள்: நாம் தட்டும் கட்டளைகளைப் படித்து இயக்கும் ஷெல்லின் தொடக்கக் கோப்பில் எடிட்டர் மாறிக்கு ஒரு நிலையான பெயரை எழுதி, அந்தக் கோப்பை எல்லாக் கணினிகளுக்கும் நகலெடுத்துவிடுவது. விம்மின் புதிய வடிவமான நியோவிம்மின் பெயரை எழுதிய கோப்பு நியோவிம் நிறுவப்படாத சர்வருக்குப் போனால், அங்கே கமிட் செய்ய முயலும்போது திருத்தியை இயக்க முடியவில்லை என்று கிட் பிழை காட்டி நின்றுவிடும். எதையும் அமைக்காமல் விட்டிருந்தால்கூட அங்கே ஏதோ ஒரு திருத்தி திறந்திருக்கும் என்பதை நினைத்தால், இந்த அமைவு நிலைமையை மோசமாக்கியிருக்கிறது என்றே சொல்ல வேண்டும். எந்தக் கோப்பில் எழுதுவது என்ற சிக்கலும் உண்டு. பாஷ் என்ற ஷெல்லுக்கு டெபியனில் வரும் தொடக்கக் கோப்பு, உரையாடல் முறையில், அதாவது பயனர் நேரில் தட்டச்சு செய்யும் முறையில், இல்லாத ஷெல்லாக இருந்தால் முதல் சில வரிகளிலேயே திரும்பிவிடுகிறது. அதன் கீழே எழுதிய மாறிகள் அத்தகைய ஷெல்லுக்குப் போய்ச் சேர்வதில்லை. 2019 முதல் மேக்கின் இயல்பு ஷெல்லாக இருக்கும் இசட்ஷெல் வேறு கோப்புகளைப் படிக்கிறது.

இசட்ஷெல்லில் இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. தொடங்கும்போது விஷுவல், எடிட்டர் ஆகிய மாறிகளில் ஒன்றின் மதிப்பில் ஆங்கில ‘வி’, ‘ஐ’ ஆகிய இரு எழுத்துகள் அடுத்தடுத்து இருந்தால், பயனர் விஐ விரும்பி என்று அது தானாக முடிவு செய்து, கட்டளை வரியின் விசைகளையே விஐ முறைக்கு மாற்றிவிடுகிறது. விம்மிலும் நியோவிம்மின் கட்டளைப் பெயரிலும் அந்த இரு எழுத்துகள் உள்ளன. கண்ட்ரோல்-ஏ அழுத்தினால் வரியின் தொடக்கத்துக்குப் போகவில்லை, கண்ட்ரோல்-ஆர் பழைய கட்டளைகளைத் தேடவில்லை என்று விசைப்பலகையைச் சந்தேகிப்பவர்கள் பார்க்க வேண்டிய இடம் இதுதான். பைண்ட்கீ கட்டளைக்கு ‘மைனஸ் இ’ கொடுத்து ஒரு வரி எழுதினால் பழைய விசைகள் திரும்பிவிடும்.

நான்காவது வழி, நிலையான பெயருக்குப் பதிலாக ஒரு விருப்ப வரிசையைத் தருவது. நியோவிம், விம், நானோ, விஐ என்று வரிசைப்படுத்தி, ஷெல் தொடங்கும்போது ஒவ்வொன்றாகச் சோதித்து, முதலில் இருப்பதை மாறியில் இடுகிறோம். நான்கைந்து வரிகளில் முடிந்துவிடும் இந்தச் சுழற்சி, இல்லாத திருத்தியை அழைக்கும் பிழையை முற்றாக நீக்கிவிடுகிறது. சோதனைக்கு ‘விச்’ கட்டளையைப் பயன்படுத்தும் பழக்கம் பரவலாக உள்ளது. அது எல்லாக் கணினிகளிலும் நிறுவப்பட்டிருக்கும் என்பதற்கு உறுதி இல்லை, போசிக்ஸ் தரத்திலும் இல்லை. தரத்தில் இருப்பதும் ஷெல்லுக்குள்ளேயே அமைந்திருப்பதும் ‘கமாண்ட் மைனஸ் வி’ தான். ஆனால் உரையாடல் ஷெல்லில் அதுவும் ஒரு விதத்தில் ஏமாற்றும்: அந்தப் பெயரில் நாம் வைத்திருக்கும் மாற்றுப்பெயரையும் நிரல் என்றே கணக்கில் எடுத்துக்கொள்ளும்.

இந்த வழியின் மெய்யான குறை, முடிவு எடுக்கப்படும் நேரத்தில் இருக்கிறது. ஷெல் தொடங்கும் கணத்தில் எடுத்த முடிவு அந்த ஷெல் வாழும்வரை மாறுவதில்லை. இணைப்பு அறுந்தாலும் அமர்வைக் காத்துவைக்கும் டிமக்ஸ் போன்ற நிரலுக்குள் வாரக்கணக்கில் ஒரே அமர்வைத் திறந்துவைத்திருப்பவர், காலையில் மேசைக் கணினியில் நேரடியாகவும் மாலையில் வீட்டிலிருந்து, தொலைவுக் கணினியில் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் வழியாகவும் அதே அமர்வில் இணைகிறார் என்று வைத்துக்கொள்வோம். காலையில் வரைகலைத் திருத்தி சரியான தேர்வு. மாலையில் அதே மாறி அதே வரைகலைத் திருத்தியைத் திறக்கும், ஆனால் அது திறப்பது அலுவலக மேசையில், யாரும் இல்லாத திரையில். மீண்டும் இணையும்போது டிமக்ஸ் சில மாறிகளைப் புதுப்பிக்கும் என்றாலும், புதிதாகத் திறக்கும் பலகங்களுக்கே அது பொருந்தும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஷெல்லை அது தொடுவதில்லை.

தமிழில் எழுதுபவர்களுக்கு வரைகலைத் திருத்தியா டெர்மினல் திருத்தியா என்பது வெறும் அழகியல் விருப்பம் அன்று. டெர்மினல் திரை சம அகலக் கட்டங்களால் ஆனது. ‘கொ’ என்ற எழுத்தில் மெய்யின் இருபுறமும் வந்தமரும் உயிர்க்குறியை அந்தக் கட்டங்களுக்குள் சரியாக அடுக்குவதில் பல டெர்மினல்கள் தவறுகின்றன. கர்சர் ஓரிடத்தில் நிற்கும், அழிபடும் எழுத்து வேறிடத்தில் இருக்கும். கமிட் செய்தியையோ ஆவணத்தையோ தமிழில் எழுதுபவர் வாய்ப்புள்ள இடங்களில் வரைகலைத் திருத்தியை விரும்புவது நியாயமே. அப்படியானால் ‘எது நிறுவப்பட்டிருக்கிறது’ என்பதோடு, ‘இந்த நொடியில் எந்தத் திரையின் முன் இருக்கிறேன்’ என்பதையும் தேர்வு கணக்கில் கொள்ள வேண்டும்.

இங்கேதான் ஐந்தாவது வழி மற்றவற்றை விஞ்சுகிறது. முகப்பு அடைவில் சில ஷெல் கட்டளைகளை அடுக்கிய ஒரு சிறிய ஸ்கிரிப்டை எழுதி, எடிட்டர், விஷுவல் ஆகிய இரண்டு மாறிகளுக்கும் அந்த ஸ்கிரிப்டின் முழுப் பாதையையே மதிப்பாகத் தந்துவிடுகிறோம். இதன்பின் மாறி ஒருபோதும் மாறுவதில்லை. திருத்தி தேவைப்படும் ஒவ்வொரு முறையும் ஸ்கிரிப்ட் இயங்கி, அப்போதைய நிலையைப் பார்த்து முடிவெடுக்கிறது. ஸ்கிரிப்டுக்குள் மாற்றுப்பெயர்கள் செல்லுபடியாகாது என்பதால் மேலே சொன்ன ஏமாற்றமும் தீர்கிறது. ஆல்பைனில் பாஷ் இயல்பாக இருப்பதில்லை, டெபியனின் எளிய ஷெல் டாஷ் என்பதால், இதைப் போசிக்ஸ் ஷெல்லின் எல்லைக்குள் நின்று எழுதுவது அவசியம்.

ஸ்கிரிப்ட் முதலில் பார்க்க வேண்டியது எஸ்எஸ்ஹெச்-கனெக்ஷன் என்ற மாறியை. அதில் மதிப்பு இருந்தால் நாம் தொலைவிலிருந்து வந்திருக்கிறோம், வரைகலைத் திருத்தியை எண்ண வேண்டாம். அது காலியாக இருந்தால், லினக்ஸில் டிஸ்ப்ளே அல்லது வேலண்ட்-டிஸ்ப்ளே மாறியில் மதிப்பு இருக்கிறதா என்று பார்க்கலாம். மேக்கில் வரைகலைத் திரை இருந்தாலும் டிஸ்ப்ளே மாறி பொதுவாகக் காலியாகவே இருக்கும் என்பதால், அங்கே இயங்குதளத்தின் பெயரைக் கேட்டு, டார்வின் என்று விடை வந்தால் திரை உண்டு என்று எடுத்துக்கொள்ள வேண்டும். டிமக்ஸுக்குள் பழைய ஷெல்லின் மாறிகளை நம்ப முடியாது என்பதால், அமர்வின் புதுப்பிக்கப்பட்ட மதிப்பை டிமக்ஸிடமே கேட்டுப் பெறும் ஒரு வரியையும் சேர்த்துக்கொள்ளலாம். ஷெல் தொடக்கத்தில் முடிவெடுக்கும் நான்காவது வழியில் இதற்கு இடமே இல்லை.

வரைகலைத் திருத்தியை அழைக்கும்போது அதை முன்னணியில் நிற்கவைக்க வேண்டும். விஎஸ் கோடுக்கு ‘வெயிட்’ என்ற விருப்பத்தையும், விம்மின் வரைகலை வடிவமான ஜிவிம்முக்கு ‘மைனஸ் எஃப்’ என்பதையும் கொடுக்காவிட்டால், சாளரம் திறந்தவுடனேயே கட்டளை முடிந்ததாகக் கருதப்படும். கமிட் செய்தி காலியாக இருக்கிறது என்று கிட் வேலையைக் கைவிடும், எந்த மாற்றமும் செய்யப்படவில்லை என்று கிரான்டேப் சொல்லிவிடும். இந்த விருப்பத்தை மாறியிலேயே சேர்த்து எழுதுவோரும் உண்டு. கிட் மாறியின் மதிப்பை ஷெல்லுக்கு அனுப்புவதால் இடைவெளி விட்டு எழுதிய விருப்பம் அங்கே செல்லும். முழு மதிப்பையும் ஒரே நிரலின் பெயராக எடுத்துக்கொள்ளும் கருவியில் அது உடையும். மாறியில் ஒரே பாதை, விருப்பங்கள் எல்லாம் ஸ்கிரிப்டுக்குள் என்று பிரித்துவிட்டால் இந்தத் தகராறுக்கே இடமில்லை.

இரண்டு எச்சரிக்கைகள் இங்கே தேவை. திருத்தியை ‘எக்ஸிக்’ மூலம் அழைத்தால் ஸ்கிரிப்டின் இடத்தில் திருத்தியே அமர்ந்துகொள்ளும், வெற்றியா தோல்வியா என்று அது தரும் முடிவுக் குறியீடு மாறாமல் கிட்டுக்குப் போய்ச் சேரும். விம்மில் முக்காற்புள்ளியை அடுத்து சி-க்யூ தட்டி, தோல்விக் குறியீட்டுடன் வெளியேறி, கமிட்டை வேண்டுமென்றே கைவிடும் பழக்கம் பலருக்கு உண்டு. திருத்தியை அழைத்த பிறகு ஸ்கிரிப்ட் வேறு ஏதாவது கட்டளையை ஓட்டினால் அந்தக் குறியீடு தொலைந்து, கைவிட நினைத்த கமிட் பதிவாகிவிடும். இன்னொன்று, வரிசையின் கடைசியில் எதுவும் கிடைக்காவிட்டால் சென்சிபிள்-எடிட்டரை அழைக்கலாம் என்று தோன்றும். அது முதலில் பார்ப்பதே விஷுவலையும் எடிட்டரையும்தான். அவற்றில் இருப்பதோ நம் ஸ்கிரிப்ட். ஒன்றையொன்று முடிவில்லாமல் அழைத்துக்கொண்டே இருக்கும். கடைசிப் புகலிடமாக நேரடியாக விஐயை அழைத்து, அதுவும் இல்லையென்றால் பிழைச் செய்தியுடன் நின்றுவிடுவதே நல்லது. அப்படி நிற்கும் நிலை அரிது என்று எண்ண வேண்டாம். டெபியனின் அதிகாரபூர்வக் கன்டெய்னர் படிமத்தில் நானோவும் இல்லை, விஐயும் இல்லை.

ஈமாக்ஸ் என்ற திருத்தியைப் பயன்படுத்துவோர் இதில் பெரும்பகுதியை எழுதாமலே பெறலாம். ஈமாக்ஸ்-கிளையன்ட், ஓடிக்கொண்டிருக்கும் ஈமாக்ஸைத் தேடிப் பார்த்து, இல்லையென்றால் ஆல்டர்நேட்-எடிட்டர் என்ற மாறியில் குறித்த திருத்தியைத் திறக்கும். அழைக்கும் நேரத்தில் முடிவெடுக்கும் கொள்கையை அவர்கள் நெடுங்காலமாகவே கைக்கொண்டிருக்கிறார்கள்.

ஒவ்வொரு நிரலின் அமைவுக் கோப்பிலும் தனித்தனியாகத் திருத்தியைக் குறிப்பது ஆறாவது வழி. கிட்டுக்கு மட்டும் வேறு திருத்தி வேண்டும் என்ற தெளிவான காரணம் இருந்தாலொழிய இதைப் பரிந்துரைக்க மாட்டேன். கிட்டின் அமைவு, விஷுவலையும் எடிட்டரையும் மீறிவிடும். என்றோ எழுதி மறந்த ஒரு வரி, பிறகு செய்யும் எல்லா மாற்றங்களையும் சத்தமில்லாமல் செல்லாததாக்கும். விண்டோஸுக்கு மட்டும் விதிவிலக்கு அளிக்கலாம். அங்கே கிட்டை நிறுவும்போதே எந்தத் திருத்தி என்று கேட்கப்படுவதாலும், சூழல் மாறிகளை மதிக்கும் நிரல்கள் குறைவு என்பதாலும், அந்தக் கேள்விக்குச் சரியான விடை அளித்துவிட்டு நகர்வதே நேரத்தை மிச்சப்படுத்தும்.

கடைசியாக, திருத்தியைக் கோப்பிடம் கொண்டுபோவதற்குப் பதிலாகக் கோப்பைத் திருத்தியிடம் வரவழைக்கும் வழி. ஈமாக்ஸின் ட்ராம்ப்பும் விஎஸ் கோடின் தொலைநிலை வசதியும் இவ்வகையைச் சேர்ந்தவை. நம் கணினியில் திறக்கும் திருத்தி நமக்குப் பழகியதாகவே இருக்கும், தமிழ் எழுத்தும் ஒழுங்காகத் தெரியும். ட்ராம்ப்புக்கு மறுமுனையில் ஒரு சாதாரண ஷெல் இருந்தால் போதும். விஎஸ் கோடோ மறுமுனையில் தன் சர்வர் பகுதியை நிறுவுகிறது. 2025இல் வந்த 1.99 பதிப்பு முதல் அதற்கு லினக்ஸ் நிரல்களின் அடிப்படை நூலகமான ஜிலிப்சியின் 2.28 அல்லது அதற்கு மேற்பட்ட பதிப்பு தேவைப்படுவதால், பழைய சர்வர்கள் விலக்கப்படுகின்றன. நாள் முழுவதும் ஒரே சர்வரில் நிரல் எழுதுபவருக்கு இது மிகச் சிறந்த வழி. சர்வரில் உள்நுழைந்து ஒரு வரியைத் திருத்திவிட்டு வெளியேறும் நிர்வாகிக்கு இது தேவைக்கு மீறிய ஏற்பாடு. அங்கே கிரான்டேப் திறக்கும் திருத்தியை இது மாற்றவும் செய்யாது.

பொதுக் கணக்குகளில் நிலைமை வேறு. வெளியீடுகளுக்காகக் குழு முழுவதும் பகிரும் கணக்கில் நம் ஸ்கிரிப்டை வைத்தால் எல்லாருக்கும் நம் திருத்தியே திறக்கும். எஸ்எஸ்ஹெச் வழியாக எடிட்டர் மாறியை அனுப்பிவிடலாம் என்றால், டெபியனின் எஸ்எஸ்ஹெச் சர்வர் பெரும்பாலும் மொழி தொடர்பான மாறிகளைத்தான் இயல்பாக ஏற்கிறது, எடிட்டர் மாறியை ஏற்பதில்லை. ‘எல்சி’ என்று தொடங்கும் பெயர்கள் அனைத்தும் அந்த வாயிலில் நுழைய முடியும் என்பதால், அந்தப் பெயரில் ஒரு பொய்யான மொழி மாறியை உருவாக்கித் திருத்தியின் பெயரை அதற்குள் கடத்துவோரும் இருக்கிறார்கள். கெட்டிக்காரத்தனம்தான், ஆனால் அடுத்துப் பராமரிக்க வருபவர் இதைக் கண்டுபிடிக்கத் திண்டாடுவார். அங்கே இயல்புநிலையை ஏற்றுக்கொள்வதே நன்று.

ஆக, ஒரே ஒரு கணினி உடையவருக்கு நிலையான மாறி போதும். தனக்கே சொந்தமான டெபியன் சர்வர்கள் மட்டும் உடையவருக்கு ஆல்டர்நேட்டிவ்ஸ் போதும். இயங்குதளங்கள் கலந்திருந்து, முகப்பு அடைவும் தனக்கே உரியதாக இருந்தால் ஸ்கிரிப்ட்தான் என் தேர்வு. தொடக்கக் கோப்பில் மாறியை எழுதும் முன், ஸ்கிரிப்ட் அந்தக் கணினியில் இயங்கக்கூடிய நிலையில் இருக்கிறதா என்று சோதித்து, இல்லையென்றால் மாறியைத் தொடாமல் விட்டுவிட வேண்டும். அப்போது கணினியின் இயல்புநிலையாவது காப்பாற்றும்.

ரூட் அதிகாரத்தில் கட்டளைகளை ஓட்ட உதவும் சுடோவின் எல்லையில் மட்டும் ஸ்கிரிப்டின் அதிகாரம் முடிந்துவிடுகிறது. சுடோ பெரும்பாலான சூழல் மாறிகளைக் கழற்றிவிட்டே நிரலை இயக்குகிறது. அதனால் சுடோவுடன் சிஸ்டம்டி சேவையைத் திருத்தினால் நம் மாறிகள் அங்கே போய்ச் சேராமல், கணினியின் பொதுத் திருத்தியோ நானோவோ திறக்கும். எடிட்டர் மாறியைத் தக்கவைக்கும்படி சுடோ விதிகளில் ஒரு வரி சேர்க்க முடியும். முழு ரூட் அதிகாரம் உள்ளவருக்கு அதனால் புதிய ஆபத்து இல்லை. குறிப்பிட்ட சில கட்டளைகளுக்கு மட்டும் அனுமதி பெற்ற பயனருக்கு அதே வரி, தான் எழுதிய எந்த நிரலையும் ரூட்டாக ஓட்டிக்கொள்ளும் கதவைத் திறந்துவிடும். சாதாரண அமைவுக் கோப்புகளுக்கு இதற்கான தேவையும் இல்லை. சுடோஎடிட் கோப்பின் தற்காலிக நகலை எடுத்து, நம் பயனர் அதிகாரத்திலேயே, நம் மாறிகள் காட்டும் திருத்தியில் திறந்து, மூடிய பிறகு மூலக் கோப்பில் எழுதிவிடுகிறது. ரூட்டாகத் திருத்தியைத் திறக்கும் பழக்கத்தை விட்டு சுடோஎடிட்டுக்கு மாறிக்கொண்டால், விதிகளைத் தளர்த்தாமலே ஸ்கிரிப்ட் அங்கும் வேலை செய்யும்.